கொலை எந்த ஊரில் நடந்தது?

துப்பறியும் நாவலைக் கையில் எடுத்தால், கொலைகாரன் யார் என்பதைவிட எந்த ஊர் என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். அட்டைப்படத்தில் மூடுபனியும் மலையும் போட்டுவிட்டால் ஊர் வந்துவிடாது. இந்தக் கொலை இங்கே மட்டும்தான் நடந்திருக்க முடியும், இந்த ஊரின் வெயிலோ ரயிலோ சொத்துத் தகராறோ வாய்ப்பேச்சோ ஏதோ ஒன்றுதான் இதைச் செய்ய வைத்தது என்று புத்தகத்தை மூடும்போது எனக்குத் தோன்ற வேண்டும். தோன்றினால் அந்த நாவல் வருஷக்கணக்கில் கூடவே வரும். தோன்றவில்லை என்றால் எவ்வளவு பெரிய திருப்பம் வைத்திருந்தாலும் அடுத்த வாரமே மறந்துபோகிறது. சமீப வருடங்களில் நிறையப் பேசப்பட்ட க்ரைம் நாவல்களில் நான் படித்தவற்றை இந்த ஒரே கேள்வியோடு எழுதிவைக்கிறேன். கொலையாளி பெயரை எங்கேயும் சொல்லவில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

படிப்பதெல்லாம் பெரும்பாலும் ரயிலில். காட்பாடியிலிருந்து ஏலகிரி எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய் வருகிற சீசன் டிக்கெட் கூட்டத்தில் நானும் ஒருத்தி. காலையில் அரக்கோணம் வரை பாதிப் பெட்டி தூங்கும், மீதிப் பேர் செல்போனில் சீரியல் பார்ப்பார்கள், எனக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தால் போதும். ஆம்பூரில் ஏறுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார், தோல் கம்பெனியில் கணக்கு பார்க்கிறவர், நான் முடித்த புத்தகங்களை வாங்கிப்போய்ப் படிப்பார். அவருக்கு ஒரு பழக்கம்: கடைசிப் பத்துப் பக்கத்தை முதலில் படித்துவிடுவார். கொலைகாரன் பெயர் தெரிந்த பிறகுதான் முதல் பக்கத்துக்கே வருவார். எனக்கு இதில் இன்றுவரை உடன்பாடு இல்லை, எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். "யாருன்னு தெரிஞ்சா இன்னாம்மா, எப்படி மாட்னான்னுதான பாக்கணும்" என்பார். ஆனால் அவர் வைக்கிற பரீட்சை கடுமையான பரீட்சை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். முடிவு தெரிந்த பிறகும் ஒருவரைக் கடைசிவரை இழுத்துக்கொண்டுபோகிற க்ரைம் நாவல்கள் ரொம்பக் கொஞ்சம். அவர் பாதியில் திருப்பிக் கொடுத்தவற்றையும் விடாமல் படித்து முடித்தவற்றையும் பிரித்துப் பார்த்தால் என் ஊர்க் கணக்கோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது.

அந்தப் பரீட்சையில் முழு மார்க் வாங்கியது செய்ச்சோ மாட்சுமோட்டோவின் 'டோக்கியோ எக்ஸ்பிரஸ்'. ஜப்பானில் 1958இல் வந்த நாவல்தான், ஆனால் 2022இல் பெங்குவின் புதிய ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்த பிறகுதான் எங்கள் பக்கத்துக் கைகளுக்கு வந்தது, அதனால் என் கணக்கில் இது புதுப் புத்தகம். க்யூஷு தீவில், ஃபுகுவோகாவை ஒட்டிய காஷி கடற்கரையில், ஒரு ஆணும் பெண்ணும் சயனைடு குடித்துச் செத்துக் கிடக்கிறார்கள். காதலர்கள், சேர்ந்து செத்துவிட்டார்கள், அவ்வளவுதான் என்று எல்லோரும் ஃபைலை மூடப் பார்க்கிறார்கள். உள்ளூர்க்காரர், வயதான துப்பறியும் போலீஸ்காரர் டோரிகாய்க்கு மட்டும் ஒரு துண்டுச்சீட்டு உறுத்துகிறது. செத்தவனின் பாக்கெட்டில் இருந்த, ரயில் உணவுப் பெட்டியில் கொடுத்த ரசீது. அதில் 'ஒருவர்' என்று போட்டிருக்கிறது. காதலியோடு சாகப் போகிறவன் எதற்காகத் தனியாகப் போய்ச் சாப்பிட்டான்? அவளுக்குப் பசியில்லை என்றாலும் எதிரில் உட்கார்ந்து ஒரு காபியாவது குடித்திருக்க மாட்டாளா? இதை அந்த மனிதர் வீட்டில் மகளிடம்கூடக் கேட்டுப் பார்க்கிறார். எனக்கு அந்த நாவலில் பிடித்த இடமே அதுதான். பெரிய மூளை, பூதக்கண்ணாடி எதுவும் இல்லை, பெண்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று தெரியாத ஒரு அப்பா தன் மகளைக் கேட்கிறார், வழக்கு அங்கிருந்து திறக்கிறது.

அப்புறம் அந்த நான்கு நிமிடம். டோக்கியோ நிலையத்தில் 13ஆம் நடைமேடையில் நின்றுகொண்டு பார்த்தால், 15ஆம் நடைமேடையில் நிற்கிற க்யூஷு ரயில் கண்ணுக்குத் தெரிவது ஒரு நாளில் மாலை 5.57 முதல் 6.01 வரை மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் நடுவில் ஏதாவது ஒரு ரயில் மறைத்துக்கொண்டு நிற்கும். சரியாக அந்த நான்கு நிமிடத்தில் செத்தவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ரயில் ஏறியதைப் பார்த்த சாட்சிகள் இருக்கிறார்கள். தற்செயலா, யாராவது அவர்களைக் கூட்டிவந்து பார்க்க வைத்தார்களா? இதைப் படித்த பிறகு காட்பாடியில் சும்மா நிற்க முடியவில்லை. ஒரு சரக்கு ரயில் நடுவில் வந்து நின்றுவிட்டால் எதிர் நடைமேடையில் யார் யாரோடு நிற்கிறார்கள் என்று தெரியாமல்போகிறது, அது நகர்ந்த பிறகு அங்கே இருந்த ஆட்கள் மாறியிருக்கிறார்கள். ஆனாலும் இந்தக் கதையைக் காட்பாடிக்குத் தூக்கிவர முடியாது. ரயில் நிமிடம் தவறாமல் வரும் என்று கொலைகாரன், போலீஸ், சாட்சி மூன்று பேரும் நம்புகிற நாட்டில்தான் இந்தத் திட்டம் சாத்தியம். நாவலில் குறை இல்லாமல் இல்லை, பாத்திரங்கள் மெலிதாக இருக்கின்றன, கடைசியில் ஒரு நீளமான கடிதத்தில் எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறார். பரவாயில்லை. கால அட்டவணையை வைத்துக்கொண்டு இவ்வளவு சின்னப் புத்தகத்தில் இத்தனை செய்ய முடியும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஜப்பான் பேச்சு வந்ததால் கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' பற்றியும் ஒரு வார்த்தை. 2005இல் எழுதியது, ஆங்கிலத்தில் 2011. பலரும் அதைக் கணக்கு வாத்தியாரின் மூளைக்காகப் புகழ்கிறார்கள். நான் புகழ்வது ஆரம்பத்தில் அவர் பள்ளிக்கு நடந்துபோகிற வழியை. ஆற்றங்கரை, பாலத்தடியில் குடிசை போட்டு வாழ்கிறவர்கள். அவசரமாகத் தாண்டிப்போகாமல் அந்த நடையைப் படியுங்கள், அதற்கு மேல் சொன்னால் உங்கள் சந்தோஷத்தைக் கெடுத்தவள் ஆவேன்.

அடுத்தது டானா ஃப்ரெஞ்ச். 'தி சர்ச்சர்' 2020இல் வந்தது, அதன் தொடர்ச்சி 'தி ஹண்டர்' 2024. சிகாகோ போலீஸிலிருந்து ஓய்வு பெற்ற கால் ஹூப்பர் அயர்லாந்தின் மேற்கே ஒரு கிராமத்தில் இடிந்த வீட்டை வாங்கிச் சரிசெய்துகொண்டு கிடக்கிறார். முதல் நாவலில் ட்ரே என்கிற பிள்ளை வந்து, காணாமல்போன தன் அண்ணனைத் தேடித்தரச் சொல்லி நிற்கிறது. இரண்டாவதில் ட்ரேயின் அப்பா, வருஷக்கணக்கில் குடும்பத்தைத் திரும்பிப் பார்க்காதவர், லண்டன் பணக்காரர் ஒருவரைக் காட்டி மலையில் தங்கம் இருக்கிறது என்று ஊரையே கிளப்பிவிடுகிறார். கொலை நடக்கவே பாதிப் புத்தகத்துக்கு மேல் ஆகிறது, அதுவரை நீங்கள் கேட்பது பேச்சு மட்டும்தான். வேலி ஓரப் பேச்சு, மதுக்கடைப் பேச்சு, சிரித்துக்கொண்டே மிரட்டுகிற பேச்சு.

எனக்கு 'தி ஹண்டர்' இரண்டிலும் உசத்தி, அதற்குக் காரணம் வெயில். அயர்லாந்தில் வழக்கத்துக்கு மாறாக மழை பொய்த்து, புல் காய்ந்து, மாட்டுக்கு என்ன போடுவது என்று விவசாயிகள் கவலையில் இருக்கிற கோடை அது. கடனும் கவலையும் இருக்கிற நேரத்தில்தான் தங்கம் என்றால் மனுஷன் நம்புவான். வெயில் இல்லாமல் மழை பெய்திருந்தால் அந்த அப்பாவை ஊர் அடித்துத் துரத்தியிருக்கும், கொலையும் நடந்திருக்காது. இதை வேலூர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுகிற நாளில் சத்துவாச்சாரியில் ஒரு தண்ணீர் லாரி வந்தால் தெருவில் என்ன நடக்கும், வருஷமெல்லாம் மாமா மச்சான் என்று பழகியவர்கள் குடத்துக்காக எப்படிக் கத்துவார்கள் என்று பார்த்தவர்களுக்கு, சூடு ஏறினால் நியாயம் எப்படி வற்றும் என்பது தெரியும். ஆம்பூர் அண்ணன் இந்தப் புத்தகத்தைத் திருப்பித் தர மாசக்கணக்கில் எடுத்துக்கொண்டார். மெதுவாகப் போகிறது என்று குறை சொல்லிக்கொண்டே ஒரு பக்கம் விடாமல் படித்தார்.

லிஸ் மூரின் 'தி காட் ஆஃப் த வுட்ஸ்' 2024இன் பெரிய வெற்றி. நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் மலைக்காடு, 1975 ஆகஸ்ட், கோடை முகாமிலிருந்து பார்பரா என்ற 13 வயதுப் பெண் காணாமல்போகிறாள். முகாமும் காடும் மலைமேல் மாளிகையும் அவள் குடும்பத்துக்குச் சொந்தம். 14 வருடம் முன்பு, அவள் பிறப்பதற்கு முன், அவள் அண்ணனும் இதே காட்டில்தான் காணாமல்போனான். நாவல் காலத்தை முன்னும் பின்னும் கலைத்துப்போட்டுச் சொல்கிறது, நடுவில் கொஞ்சம் தடுமாறியது, எந்த வருஷத்தில் இருக்கிறோம் என்று திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் எனக்கு இது பிடித்ததற்குக் காரணம் மாளிகைக்கும் கீழே இருக்கிற ஊருக்குமான உறவு. மாளிகையில் யாரோ ஒரு தப்பு செய்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் கீழூர்க்காரர். சமையல்காரர், தோட்டக்காரர், வழிகாட்டி, ஏதோ ஒரு ஏழை. அந்தப் பையன் வழக்கில் பழியைத் தூக்கி எங்கே வைத்தார்கள் என்று படிக்கும்போது நம்மூர்ப் பெரிய வீடுகள், அவற்றின் கணக்குப்பிள்ளைகள், யார் பேரில் பழி போகும் என்று ஊரே முன்கூட்டி அறிந்துவைத்திருந்த விஷயங்கள் எல்லாம் ஞாபகம் வந்தன. ஜூடிட்டா என்கிற 26 வயது விசாரணை அதிகாரி, ஆண்கள் மட்டுமே இருந்த வேலையில் முதலில் நுழைந்தவர்களில் ஒருத்தி, ஒவ்வொரு கேள்வியையும் கேட்பதற்கு முன் அது கேட்கத் தகுந்ததா என்று தனக்குள் ஒத்திகை பார்க்கிறாள். அந்தப் பயத்தை இவ்வளவு சரியாக எழுதி நான் சமீபத்தில் படிக்கவில்லை.

இந்த வரிசையில் ஃப்ரீடா மெக்ஃபேடனின் 'தி ஹவுஸ்மெய்ட்' எனக்கு ஒட்டவில்லை. 2022இல் வந்தது, விற்பனையில் எங்கேயோ போய்விட்டது, ஸ்டேஷன் புத்தகக் கடையில்கூட முன்வரிசை. பணக்கார வீட்டில் வேலைக்குச் சேர்கிறாள் ஒருத்தி, அவளுக்குக் கொடுத்த மாடி அறைக் கதவுக்கு வெளியிலிருந்துதான் பூட்டு. ஆரம்பம் அபாரம், ஒரே மூச்சில் படித்தேன், வேகத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது, பக்கத்து வீட்டார் யார், கடைக்காரன் யார், அந்த வேலைக்காரிக்கு ஊர் என்ன பேர் வைத்திருக்கிறது என்று எதுவும் மனதில் நிற்கவில்லை. திருப்பத்தை எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு கதவும் பூட்டும்தான். அண்ணன் இதை ஒரே நாளில் திருப்பிக் கொடுத்தார். முகமூடி போட்டுக்கொண்டு யூடியூபில் வருகிற ஜப்பான்காரர் உகெட்சுவின் 'ஸ்ட்ரேஞ்ச் ஹவுசஸ்' வேறு மாதிரி. வீட்டு வரைபடத்தை முன்னால் வைத்து, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் எதற்கு இந்த இடம் என்று கேட்கிற புத்தகம். கேள்வி பிரமாதம், பதில் தேவைக்கு மேல் வளர்ந்துவிட்டது. பேசுகிறவர்களுக்கு முகமே இல்லை.

ரிச்சர்ட் ஆஸ்மனை எல்லோரும் படித்திருப்பீர்கள். 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்' 2020இல் வந்து, படமாகவும் 2025இல் வந்துவிட்டது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் முதியோர் குடியிருப்பு, பழைய கன்னியர் மடம் இருந்த இடத்தில் கட்டியது, நான்கு பெரியவர்கள் வியாழக்கிழமைதோறும் உட்கார்ந்து பழைய கொலை வழக்குகளை அலசுகிறார்கள். அறையை 'ஜப்பானிய ஓபரா: ஒரு கலந்துரையாடல்' என்ற பெயரில் பதிவு செய்துவைத்திருப்பார்கள், வேறு யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று. இந்தத் தொடரில் கொலைகள் பலவீனம். தற்செயல்கள் அதிகம், கள்ளக் கடத்தல்காரர்கள் எல்லாம் ரொம்ப நல்லவர்களாக இருக்கிறார்கள். ஆனால் இடம் பலம். வயதானவர் போலீஸ் ஸ்டேஷனில் வந்து தண்ணீர் கேட்டால், நாற்காலி கேட்டால், அதே கேள்வியை மூன்று தரம் கேட்டால் யாருக்கும் சந்தேகம் வராது, அந்தக் கண்டுகொள்ளாமையைத்தான் எலிசபெத்தும் ஜாய்ஸும் ஆயுதமாக்குகிறார்கள். நான்காவது நாவல், 2023இல் வந்த 'தி லாஸ்ட் டெவில் டு டை', அதில் எலிசபெத்தின் கணவர் ஸ்டீஃபனுக்கு நினைவு மங்கிக்கொண்டே போகிறது. கொலை என்ன என்பது எனக்கு இப்போது சரியாக ஞாபகம் இல்லை, ஸ்டீஃபன் வருகிற பக்கங்கள் ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கின்றன. வாலாஜா ரோடு தாண்டும்போது அழுதுகொண்டிருந்தேன், எதிரில் இருந்த அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ஊர் என்றால் நிலம் மட்டும்தானா என்ற கேள்வியை ஜானிஸ் ஹாலெட்டின் 'தி அப்பீல்' கிளப்பியது. 2021. கதை சொல்கிறவர் என்று யாருமே இல்லை, மின்னஞ்சல், குறுஞ்செய்தி, துண்டுக் குறிப்பு இவ்வளவுதான். உள்ளூர் நாடகக் குழு, அதை நடத்துகிற குடும்பத்தின் பேத்திக்கு மூளையில் புற்றுநோய், வெளிநாட்டு மருந்து வாங்க நிதி திரட்டுகிறார்கள். நிதி எங்கே போகிறது, யார் யாரைச் சந்தேகிக்கிறார்கள், யார் யாரிடம் எப்படிக் குழைகிறார்கள் என்பதெல்லாம் கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. எங்கள் வேலூர் மருத்துவமனை ஊர் என்பதால் இந்த நாவல் எனக்குச் சாதாரணக் கதையாகப் படவில்லை. குழந்தையின் படம் போட்டு, வங்கிக் கணக்கு எண் போட்டு, உதவுங்கள் என்று வாட்ஸப்பில் சுற்றுகிற வேண்டுகோள்கள் எங்களுக்கு அன்றாடம், அவற்றில் பெரும்பாலானவை முழு உண்மை, அந்த உண்மையின் நிழலில் ஒன்றிரண்டு வேறு மாதிரியும் வரும். ஹாலெட் இரண்டையும் பிரித்துப் பார்க்கிற இடத்தில் நம்மை உட்காரவைக்கிறார். இசபெல் என்கிற நர்ஸ், எல்லோருக்கும் நல்லவளாக இருக்கத் துடிக்கிறவள், யாரும் அவளுக்குப் பதில் போடுவதே இல்லை. அவள் எழுதுகிற மின்னஞ்சல்களைப் படித்தால் பயமும் பாவமும் சேர்ந்து வருகின்றன. ஒரு வாட்ஸப் குழுவும் ஓர் ஊர்தான், அங்கேயும் பெரிய வீடு உண்டு, ஒதுக்கப்பட்ட தெரு உண்டு. கொலைக்கு அது போதும் என்று காட்டிவிட்டார்.

இந்தியாவில் நடக்கிற கதைகளுக்கு வருகிறேன். சுஜாதா மாசியின் 'எ மர்டர் அட் மலபார் ஹில்' 2018. பம்பாய், 1921, பெர்வீன் மிஸ்திரி என்ற பார்சிப் பெண் வழக்கறிஞர். ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்த முதல் பெண்ணான கார்னீலியா சொராப்ஜியை மனதில் வைத்து உருவாக்கிய பாத்திரம். மில் முதலாளி இறந்துபோகிறார், மூன்று மனைவிகள், மூவரும் கோஷா. மூவரும் தங்கள் மஹரை, அதாவது கல்யாணத்தில் கணவன் தந்த அவர்களின் சொந்தச் சொத்தை, வக்ஃபுக்கு, அதாவது அறக்கட்டளைக்கு, எழுதிக்கொடுப்பதாகக் கையெழுத்து வந்திருக்கிறது. கையெழுத்துச் சரியா? அவர்களாகவே போட்டதா? ஆண் வக்கீல் உள்ளே போய்க் கேட்க முடியாது, ஆண் போலீஸும் முடியாது, அதனால் பெர்வீன்தான் போக வேண்டும். துப்பறிகிறவர் ஏன் இவராக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இவ்வளவு கச்சிதமான பதிலை வேறு நாவலில் நான் பார்க்கவில்லை. மஹர், வக்ஃப் என்றால் என்ன என்று ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்தில் யாருக்கும் அடிக்குறிப்பு வேண்டாம், அதனால் அந்தப் பெண்களின் இக்கட்டு எங்களுக்கு உடனே பிடிபடுகிறது. பெர்வீனின் கடந்தகாலத் திருமணக் கதை நடுவில் நீண்டுவிடுகிறது, ஆனால் அதை வெட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஹரிணி நாகேந்திராவின் 'தி பெங்களூர் டிடெக்டிவ்ஸ் கிளப்' 2022, அதுவும் 1921இல்தான் நடக்கிறது. கணக்கில் ஆசை உள்ள இளம் மருமகள் காவேரி, டாக்டர் கணவர் ராமு, கடைசியில் சமையல் குறிப்புகள்கூட உண்டு. எழுதியவர் சூழலியல் அறிஞர் என்பதால் மரமும் ஏரியும் உயிரோடு இருக்கின்றன. கொலை முடிச்சு லேசானது, காவேரிக்குப் பெரிதாக ஆபத்து எதுவும் வராது என்று தெரிந்தே படிக்கிறோம். மனசு சரியில்லாத வாரத்துக்கு நல்ல புத்தகம்.

அபிர் முகர்ஜியின் கல்கத்தா வரிசை வேறு தரம். 'எ ரைசிங் மேன்' 2016இல் தொடங்கியது, கதை 1919இல் தொடங்குகிறது. கேப்டன் விண்டம் என்ற வெள்ளைக்காரர் அபின் பழக்கத்தோடு, கூடவே சுரேந்திரநாத் பானர்ஜி, அந்தப் பெயரை வாயில் நுழையவைக்கத் தெரியாத வெள்ளைக்காரர்கள் 'சரண்டர் நாட்' என்று கூப்பிடுகிறார்கள். முதல் நான்கு நாவல்களும் விண்டம் பார்வையில் போகின்றன, பானர்ஜி உள்ளே என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று நான் ஏங்கியதுண்டு. 2021இல் வந்த ஐந்தாவது நாவல் 'தி ஷேடோஸ் ஆஃப் மென்', அதில்தான் முதன்முறையாகப் பானர்ஜியே பேசுகிறார், ஒரு அத்தியாயம் அவர், ஒரு அத்தியாயம் விண்டம். 1923, இந்து முஸ்லிம் கலவரத்தின் விளிம்பில் நகரம், கொலைப்பழி பானர்ஜி மேல். தன் ஊரில், தன் மக்களுக்கு எதிராக, ஆள்கிறவனின் சட்டத்தை நிலைநாட்டுகிற வேலையில் இருக்கிறவரின் சங்கடம் அவர் வாயால் வரும்போது மொத்த வரிசையும் வேறு நிறம் கொள்கிறது. இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து வரிசையாகப் படியுங்கள்.

சித்தியைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போன அன்று காத்திருக்கும் கூடத்தில் இந்தப் புத்தகத்தைத்தான் வைத்திருந்தேன். பக்கத்தில் மேற்கு வங்கத்து மால்டாவிலிருந்து மனைவியின் சிகிச்சைக்காக வந்திருந்த பெரியவர், அட்டையைப் பார்த்துவிட்டு, கல்கத்தாவா என்று கேட்டார். அவர் பையிலிருந்து வெளியே வந்தது தடித்த வங்காளிப் புத்தகம், வியோம்கேஷ் கதைகள் மொத்தமும். சரதிந்து பந்தோபாத்யாய் 1932இல் எழுதத் தொடங்கிய துப்பறிவாளன். வீட்டிலிருந்து கிளம்பும்போது மருத்துவ ஃபைலோடு இதையும் எடுத்துவைத்தேன் என்றார். டோக்கன் எண் வருகிறவரை எங்களுக்குள் அரைகுறை இந்தியில் பேச்சு. வியோம்கேஷ் தன்னைத் துப்பறிவாளன் என்று சொல்லிக்கொள்ள மாட்டான், உண்மையைத் தேடுகிறவன் என்றுதான் சொல்லிக்கொள்வான் என்று அந்தப் பெரியவர் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமை! அந்த அளவு உரிமையோடு நாம் யாரைச் சொல்வோம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

கணேஷ், வசந்த்தைச் சொல்லலாம், தாராளமாக. ஆனால் சுஜாதா எழுதியதில் என் கேள்விக்குச் சரியான பதில் 'கரையெல்லாம் செண்பகப்பூ'. அதில் கணேஷும் இல்லை, வசந்தும் இல்லை, நாட்டுப்பாடல் சேகரிக்கக் கிராமத்துக்குப் போகிற கல்யாணராமன், பாழடைந்த ஜமீன் வீடு, அந்தப் பாட்டுக்குள்ளேயே துப்பு. அந்தக் கிராமத்தை எடுத்துவிட்டால் கதையே இல்லை. ராஜேஷ்குமாரின் பாக்கெட் நாவல்கள் பழைய பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கிய காலத்தில் வளர்ந்தவள் நான், இரண்டு கதை மாறி மாறி ஓடி கடைசியில் ஒன்றில் மோதுகிற அந்த வித்தையை அவரிடம்தான் கற்றேன், கோவைத் தெருக்களின் பெயர்கள் அந்த ஊருக்குப் போகாமலே எனக்குத் தெரிந்ததும் அப்படித்தான்.

எங்கள் மாவட்டத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு, அதைப் பலர் மறந்துவிட்டார்கள். ஆரணி குப்புசாமி முதலியார், அன்றைய வடார்க்காடு மாவட்டத்து ஆரணிக்காரர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேல்நாட்டுத் துப்பறியும் கதைகளை நம்மூர்ப் பெயர்களும் நடையும் கொடுத்துத் தமிழுக்குக் கொண்டுவந்து குவித்தவர். தமிழில் துப்பறியும் நாவல் படிக்கிற கூட்டத்தை உருவாக்கியவர்களில் அவர் முன்வரிசை. அவ்வளவு முன்னால் தொடங்கியும், வேலூரில் மட்டுமே நடக்க முடிகிற ஒரு துப்பறியும் நாவல் என் கைக்கு இன்னும் வரவில்லை. இதுதான் என் ஆதங்கம், இவ்வளவு நீளமாக எழுதியதும் இதைச் சொல்லத்தான்.

எவ்வளவு கதை கிடக்கிறது இங்கே! பாபு ராவ் தெருப் பக்கம் சாயங்காலம் ஒரு நடை போய்ப் பாருங்கள். கடைப் பலகை வங்காளியில், மீன் குழம்பு கடுகெண்ணெயில், லாட்ஜ் வாசலில் அறை வேண்டுமா என்று இந்தியில் கேட்கிற நம்மூர்ப் பையன். வாரம் பூராவும் முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் வருகிறார்கள், மாசக்கணக்கில் சின்ன அறையில் ஸ்டவ் வைத்துச் சமைத்துத் தங்குகிறார்கள், போய்விடுகிறார்கள். லாட்ஜ் பதிவேட்டில் ஆதார் நகல், பங்களாதேஷ்காரர் என்றால் பாஸ்போர்ட் நகலும் வெளிநாட்டவர் தங்கியதைத் தெரிவிக்கிற படிவமும், மருத்துவமனையில் ஒரு எண். மூன்று இடத்திலும் ஒரே ஆள்தானா என்று யார் ஒத்துப் பார்க்கப் போகிறார்கள்? நோயாளியோடு துணைக்கு வந்தவர் ஒருநாள் காணவில்லை என்றால் முதலில் அதைக் கவனிக்கிறவர் போலீஸாக இருக்க மாட்டார், எதிர் டீக்கடைக்காரராக, கணக்கு எழுதிவைக்கிற மெடிக்கல் ஷாப் பெண்ணாக இருப்பார். அந்தப் பெண்ணை வைத்து எழுதுங்களேன்.

அல்லது பாலாறு. தோல் பதனிடும் கழிவு ஆற்றிலும் கிணற்றிலும் கலந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று 1996இல் தீர்ப்பு வந்தது நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் பாடம். யார் கிணறு கெட்டது, யாருக்கு எவ்வளவு இழப்பீடு, அந்தப் பட்டியலில் யார் பெயரைச் சேர்த்தார்கள் என்பதற்குள் கொலைக்குக் காரணம் வேண்டிய மட்டும் கிடைக்கும்.

எனக்கு எல்லாவற்றிலும் ஆசை வேலூர்க் கோட்டை மேல்தான். 1806 ஜூலை 10, வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சி பற்றி எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். புதுத் தலைப்பாகை உத்தரவு, அதில் தோல் பட்டை, உள்ளே திப்புவின் பிள்ளைகள் காவலில், முதல் நாள் திப்புவின் மகளுக்குக் கல்யாணம், விடிந்தபின் ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு அதை அடக்க வந்த கில்லஸ்பி. ஆனால் முஸ்தபா பெக்கை எத்தனை பேருக்குத் தெரியும்? ஜூன் மாதமே கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய், இப்படி ஒரு சதி நடக்கிறது என்று சொன்ன சிப்பாய். ஃபோர்ப்ஸ் அதை விசாரிக்கும் பொறுப்பை இந்திய அதிகாரிகளிடமே கொடுத்தார். அவர்கள் கூடிப் பேசி, இவன் பைத்தியக்காரன் என்றார்கள். முஸ்தபா பெக்கைப் பிடித்து அடைத்துவிட்டார்கள். அந்த இடைப்பட்ட வாரங்கள்தான் நாவல். அடைபட்டவனுக்கு உண்மை தெரியும், அவனை அடைத்தவர்களில் சிலருக்கும் தெரியும், யார் துரோகி என்பது எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். அந்த வாரங்களில் கோட்டைக்குள் ஒரே ஒரு சாவு, யாரும் விளக்க முடியாத சாவு, நடந்ததாகக் கற்பனை செய்யுங்கள். பானர்ஜியின் சங்கடம் எல்லாம் அங்கே நூறு வருஷம் முன்னாலேயே இருக்கிறது, அகழி, ஒற்றை வாசல், சொல்லி அடக்கிய வாய்கள் எல்லாம் தயாராக இருக்கின்றன. வரலாற்று ஆவணங்களைத் தோண்டுகிற பொறுமை உள்ள யாராவது இதை எடுத்துச் செய்தால் நான் முதல் பிரதி வாங்குவேன்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், ஆரணி பக்கத்தில் யாராவது இப்படி எழுதிக்கொண்டிருந்தால், கிண்டிலில் நேரடியாகப் போட்டிருந்தாலும் சரி, தட்டச்சு செய்து மேசைக்குள் வைத்திருந்தாலும் சரி, எனக்குச் சொல்லுங்கள். படித்துவிட்டுப் பிடித்தது பிடிக்காதது இரண்டையும் விவரமாக எழுதுகிறேன். ஆம்பூர் அண்ணனிடமும் கொடுப்பேன், அவர் கடைசிப் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிப்பார், அதற்கும் தாங்குகிற மாதிரி எழுதுங்கள்.